தங்கைக்குக் கிடைத்த இடம்

அக்காவும் தங்கையும் நில அளவை அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். வெளிநாட்டில் புவித்தகவல் அறிவியல் படிக்க இருவருமே விண்ணப்பித்தார்கள். தங்கைக்குத்தான் இடம் கிடைத்தது. விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டே கையசைத்த அக்காவுக்கு வயிறு எரிந்தது.

அளவைக் கருவியைத் தோளில் சுமந்து முள்ளிலும் வெயிலிலும் நடக்கும்போதெல்லாம், 'அவள் இந்நேரம் குளுகுளு அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படம் பார்த்துக்கொண்டிருப்பாள்' என்று தோன்றும். "தங்கச்சி எப்படிம்மா இருக்கு?" என்று யாராவது கேட்டால், காதில் விழாதது போல் நகர்ந்துவிடுவாள்.

ஒரு மதியம் தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். "அக்கா, கம்ப்யூட்டர் பேப்பர்ல ஃபெயிலாயிட்டேன். எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன்."

அக்காவின் மனம் சட்டென்று துள்ளியது. அந்தத் துள்ளல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"வந்து என்னடி பண்ணப் போற? எனக்குக் கிடைக்காத இடம் அது. நீயும் விட்டுட்டா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும். ஒழுங்கா உக்காந்து மறுபடியும் எழுது."

தங்கை எழுதினாள், தேறினாள். திரும்பி வந்து, நில வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் பிரிவுக்கு அதிகாரியானாள். அக்காவும் அதே பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் "வாங்க மேடம்" என்பாள். அந்தக் கிண்டலில் முக்கால்வாசி பொறாமைதான் என்பது இருவருக்குமே தெரியும்.