மலை தெரியும் அறை யாருக்கு?

போன வாரம் பதுளையில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போனேன்.

வீட்டுக்காரர் ஃபரீத் நானா. கடைவீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டே ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டினார். முன்பக்கம் ஒரு பெரிய அறை. ஜன்னலைத் தள்ளினால் நமுனுகுல மலை முழுசாக வந்து நிற்கிறது. பின்பக்கம் சமையலுக்குக் குசினி. அதை ஒட்டி ஒரு சின்ன அறை. கட்டில் ஒன்று போட்டால் கதவு பாதிதான் திறக்கும்.

"தனியாவா சேர் இருக்கப் போறீங்க? சமையல் சாப்பாடெல்லாம் யாரு?" என்று கேட்டார்.

"தங்கச்சி வந்து இருப்பா நானா" என்றேன். யோசிக்கவே இல்லை. என் பெயரைக் கேட்டால் எவ்வளவு வேகமாகச் சொல்வேனோ, அவ்வளவு வேகமாகச் சொன்னேன்.

அந்தத் தங்கச்சியிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு கொழும்பில், என் வெள்ளவத்தை ஃபிளாட்டின் லிஃப்டைத் தெரியும். நாலாம் மாடி, நாள் தவறாமல் பழுது. என் முழங்காலும் அந்த லிஃப்டும் ஒரே கம்பெனியில் செய்தவை போல. மனைவி காலமான பிறகு ஃபிளாட்டும் பெரிதாகிவிட்டது. "வத்தளைக்கு வந்து எங்களோட இருங்கப்பா" என்று மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நான்தான் "பதுளைக்குப் போகிறேன்" என்று பிடிவாதமாக நின்றேன்.

அதை இங்கே எழுதியதும் உங்களில் பலர் ஆலோசனை சொன்னீர்கள். 'போங்க சேர், நல்ல குளிர்' என்றார் ஒருவர். அவர் பதுளையைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். குளிர் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளை, மலைகளுக்கு நடுவே கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஊர். மத்தியானத்தில் நன்றாகவே வியர்க்கும். இன்னொருவர் சுற்றுலாப் பயணிகள் குவிகிற எல்லயைச் சிபாரிசு செய்தார். அங்கே போய் வீடு கேட்டால், "ஒரு நைட்டா, ரெண்டு நைட்டா?" என்கிறார்கள்!

பதுளைக்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள். பெரியாஸ்பத்திரி இருக்கிறது. கடைவீதியில் தமிழில் பேசலாம். படி ஏற வேண்டாம். ஜன்னலில் மலை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று — மடுல்சீமையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் இன்னும் இருக்கிற என் தங்கச்சி சரசுவை அந்த லயத்தைவிட்டு வெளியே கொண்டுவந்துவிடலாம்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! மகனிடம் சொன்னேன். "நல்ல காரியம்ப்பா" என்றான். எனக்கே என்மேல் மதிப்புக் கூடியது.

வீடு பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பசறையில் பஸ் மாறி மடுல்சீமைக்கு ஏறினேன். பாதை இருக்கிற இடத்தில் பஸ் மெதுவாகப் போனது. பாதை இல்லாத இடத்தில் இன்னும் மெதுவாகப் போனது. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, 'இதிலிருந்துதான் அவளைக் காப்பாற்றப் போகிறேன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரசு வீட்டில் இல்லை. லயத்துக்குக் கீழே, தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் உட்கார்ந்து ஒரு பெரிய அண்டாவைக் கரி போகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பென்ஷன் எடுத்தவள். அவள் மகனுக்குக் கொழும்பில் வேலை. மருமகள் மாலா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மாமியாரும் மருமகளும் லயத்தில் ஒரே அறையில், ஒரே காம்பராவில் இருக்கிறார்கள்.

"என்னண்ணே, சொல்லாமக் கொள்ளாம? சாவுக்குன்னா நேத்தே வந்திருக்கணுமே!" என்றாள்.

முதல் நாள் மேட்டு லயத்தில் ஒரு சாவு. எந்தச் சாவு வீட்டிலும் தேத்தண்ணி சரசுவின் பொறுப்பு. சவப்பெட்டி வருகிறதோ இல்லையோ, அவள் அண்டா போய்விடும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தபடியே சொன்னேன்.

"பதுளையில வீடு பாத்திருக்கேன் சரசு. நீயும் வந்துடு. இந்த லயத்துல நீ கெடந்தது போதும்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வீடு எப்படி?"

"ரெண்டு ரூம். கீழ டைல்ஸ். பைப்பு உள்ளேயே இருக்கு, டொய்லட்டும் உள்ளேயே."

"எனக்கு எந்த ரூம்?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை.

"குசினிக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. சின்னதுதான்... ஆனா நல்ல ரூம்."

"அப்ப முன்னுக்கு உள்ளது?"

"அதுல என் புத்தகமெல்லாம் வைக்கணுமே..."

அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "மல தெரியிற ரூம் ஒங்களுக்கு. பொக தெரியிற ரூம் எனக்கு."

"பொக எங்க சரசு? கேஸ் அடுப்பு!" என்றேன்.

படித்தவன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

மேலே படியில் நின்ற மாலா சிரித்துவிட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "மாமா, நீங்கதானே பேப்பர்ல எழுதுனீங்க? கொழுந்து பறிச்சிட்டு வாற பொம்பளைக்கு அடுப்படி ரெண்டாவது வேல, அதுக்குச் சம்பளமும் இல்ல, லீவும் இல்லன்னு? ஃபோன்ல வந்துச்சு. அத்தைக்கு நான்தான் வாசிச்சுக் காட்டுனேன்."

"ஆமா, நல்லா எழுதியிருந்தீங்க" என்றாள் சரசு. "எனக்கு அழுகையே வந்துருச்சு."

எழுதினேன். இதே பக்கத்தில்தான் எழுதினேன். பாராட்டி நீங்கள் அனுப்பியவற்றை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். படித்துக்கொண்டிருந்தபோது மேசையில் இருந்த சாப்பாடு வத்தளையிலிருந்து என் மருமகள் கட்டி அனுப்பியது. அதை நான் எழுதவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு பிளேன்டி, பால் இல்லாத வெறும் தேத்தண்ணிகூட ஊற்றத் தெரியாது. மனைவி இருந்தவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. அவள் போன பிறகு கடைச் சாப்பாடு, மகன் வீட்டுச் சாப்பாடு, இரண்டும் இல்லாத நாளில் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும். பதுளையைப் பற்றி யோசித்தபோதெல்லாம் என் மனதில் வந்த படம் என்ன தெரியுமா? நான் ஜன்னலருகே எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்னால் மலை. பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பை. அந்தக் கோப்பை எப்படி அங்கே வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது சமையல்காரி. அதற்கு 'விடுதலை' என்று பெயர் வைத்திருந்தேன். லயத்தில் பிறந்து, நாலு எழுத்துப் படித்து, டவுனுக்குப் போன எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு வியாதி. லயத்திலிருந்து யாரையாவது வெளியே கொண்டுவந்தாலே அவர்களுக்கு நன்மை செய்துவிட்டோம் என்று நினைப்பு. வந்த இடத்தில் அவர்கள் எங்கே படுப்பார்கள், என்ன செய்வார்கள்... யார் கேட்டது?

விட்டுக்கொடுக்காமல் நான் ஒரு கடைசி முயற்சி செய்தேன். "இங்க மட்டும் நல்லாவா இருக்கு சரசு?"

"யாரு சொன்னா நல்லா இருக்குன்னு? கூர ஒழுகுது. ராவுல மழ பேஞ்சா மண்ணு சரிஞ்சிருமோன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். நீங்க வந்த ரோட்டப் பாத்தீங்கல்ல? ரோடு போடுங்க, கூர மாத்துங்கன்னு எழுதுங்க. அத விட்டுட்டு என்னைய எதுக்குத் தூக்குறீங்க?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"அண்ணே, விடிய முந்தி ஒரு சமையல் பண்ணி வச்சிட்டுப் பெரட்டுக்கு ஓடுவேன். அங்க வேலைக்குப் பேரு குடுத்து, மலைக்கு ஏறி, அந்திக்கு வந்து இன்னொரு சமையல். இப்பதான் மாலா ஒரு நேரம், நான் ஒரு நேரம்னு உக்காந்து மூச்சு விடுறேன். அங்க வந்து ஒங்களுக்கு மூணு நேரமா? அதோட இந்த அண்டாவ யாரு தூக்குவா?"

"என்னையப் பாக்காதீங்க. நான் தூக்க மாட்டேன்" என்றாள் மாலா.

மூவரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டேன். பருப்பு, பீன்ஸ், கருவாடு. முடிந்ததும் தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கை கழுவ வெளியே வந்தேன். பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போனேன். அதற்குள் தட்டைக் காணோம். மாலா கழுவி வைத்துவிட்டாள். அவ்வளவு வேகம்! இத்தனை வருடம் என் கண்ணில் படாததற்கு அந்த வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய காரணம் கண்தான்.

இறங்கும் பஸ்ஸில் ஒரே கேள்வி. சரசு வரவில்லையென்றால் எனக்குப் பதுளை வேண்டுமா?

வேண்டாம் என்று சொல்வது லேசு. வத்தளைக்குப் போய்விடலாம். அங்கே மருமகள் இருக்கிறாள், வேலைக்கும் போய்க்கொண்டு சமைக்கிறாள். இன்னொரு தட்டு வைப்பாள். முகம் சுளிக்க மாட்டாள். மகன் சந்தோஷப்படுவான். நானும் ஜன்னலருகே உட்கார்ந்து பெண்களின் இரண்டாவது வேலையைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதலாம்.

நினைத்ததும் எனக்கே கூசியது. பசறை வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். பதுளைதான். ஆனால் தனியாக.

கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஃபரீத் நானா நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி எப்ப வாறாங்க சேர்?"

"வரமாட்டாங்க நானா. நான்தான் சமைக்கப் போறேன்."

"சேருக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

ஆணியைத் தட்டிலேயே விட்டுவிட்டு, "அப்ப கேஸ் சிலிண்டர வெளிய வச்சு டியூப் இழுத்துத் தாறேன்" என்றார். இந்த வயதுவரை என் திறமையை இவ்வளவு சரியாக எடை போட்ட மனிதர் வேறு யாருமில்லை.

கொழும்புக்குத் திரும்பியதும் மகனிடம் ஃபோனில் சொன்னேன். "அப்பா, சீரியஸாவா?" என்றான். "சீரியஸா" என்றேன். "உங்களுக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாதே!" என்றான். "அதுக்குத்தான் உனக்கு எடுத்தேன். முட்டைக்கு எத்தனை நிமிஷம்?" அவனுக்கும் தெரியவில்லை. ஃபோனைத் தன் மனைவியிடம் கொடுத்தான். இது எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருகிறது போலும். அவனுக்கு நான் விட்டுப்போகிற ஆஸ்தி!

அப்புறம் சரசுவுக்கு ஃபோன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். "சரசு, அன்னிக்கு நான் பேசுனது பிழை. ஒன்னைய வேலைக்குக் கூப்பிட்டுட்டு, ஒனக்கு நல்லது செய்யிற மாதிரிப் பேசிட்டேன்" என்றேன். 

"சரி, விடுங்க" என்றாள். பிறகு, "வீடு ஆஸ்பத்திரிக்குக் கிட்டவா?"

"நடந்து போகலாம்."

"மாசம் ஒருக்கா எனக்குச் சுகர் கிளினிக்கு. வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னுவாங்க. இருட்டோட மொத பஸ்ஸுல ஏறி, அந்த ரோட்டுல குலுங்கி, பச்சத் தண்ணிகூடக் குடிக்காம வந்து நிப்பேன். போன தடவ வரிசையிலேயே தல சுத்தி உக்காந்துட்டேன்."

எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

"மொத நாள் அந்திக்கே வந்து படுத்துக்கிறேன்" என்றாள். "ஆனா சமைக்க மாட்டேன்."

"சமைக்க வேணாம்."

"தனியாவும் வரமாட்டேன். பக்கத்துக் காம்பராச் செல்லம்மாவுக்கும் அன்னிக்குத்தான் கிளினிக்கு."

"கூட்டிக்கிட்டு வா."

"ரத்தம் குடுத்துட்டு வந்தா பசி உயிர் போகும். அந்நேரம் சோறு தயாரா இருக்கணும். கொழஞ்சிருந்தா நான் சும்மா இருந்துருவேன். செல்லம்மா லயம் பூரா சொல்லிருவா!"

ஆகவே நண்பர்களே, வீடு முடிவாகிவிட்டது. இந்த வாரம் முழுவதும் வெள்ளவத்தையில் சோறு வடித்துப் பழகுகிறேன். முதல் நாள் கஞ்சி. இரண்டாம் நாள் அரிசி. நேற்று வந்தது ஏறக்குறைய சோறு. பருப்பு இன்னும் என்னோடு பேசத் தொடங்கவில்லை. ஒரு வேளைச் சமையலுக்கே இடுப்பு ஒடிகிறது. சரசு இதை இரண்டு வேளை செய்துவிட்டு, நடுவில் கூடையோடு மலை ஏறியிருக்கிறாள். 'இரண்டாவது வேலை' என்று எழுதியபோது எனக்கு அது ஒரு வார்த்தை. இப்போதுதான் அதன் கனம் மணிக்கட்டில் தெரிகிறது.

புத்தகங்களில் பாதியை மகன் எடுத்துக்கொள்கிறான். மீதி நடு ஹோலில் கிடக்கட்டும். முன் அறையில் இரண்டு கட்டில் போடச் சொல்லி ஃபரீத் நானாவுக்குச் சொல்லியாகிவிட்டது. கண் விழித்தால் நேரே நமுனுகுல மலை தெரிகிற மாதிரி.

நான் குசினிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். கதவு பாதி திறந்தால் போதும்.