சானமாவு மேட்டில் ரிவர்ஸ் கியர்

பெட்ரோல் தண்ணீரைப்போல் பள்ளம் பார்த்துத் தானாக ஓடும், காரில் அதற்கொரு பம்பு எதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். என் பழைய வண்டியில் பெட்ரோல் தொட்டி ஸீட்டுக்கடியில் இருந்தது. மேட்டில் இன்ஜின் திணறினால் வண்டியைத் திருப்பி, தொட்டி இன்ஜினைவிட உயரமாக இருக்கும்படி, பின்பக்கமாகவே ஏறிவிடுவோம்.

அன்று காலை ஏழரைக்கு, இப்போதிருக்கும் காரில் ஓசூரை விட்டோம். இராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி முப்பத்தைந்து மைல். பதினொரு மணிக்குக் கோர்ட்டில் என் மனைவி கமலாவின் பேரைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால், உத்தனப்பள்ளியில் அவள் அப்பா விட்டுப்போன கிணறு பெரியப்பா மகன் முனிராஜுக்குப் போய்விடும்.

எட்டு மணிக்குச் சானமாவுக் காட்டு மேட்டில் கார் இருமி நின்றது. விடுவேனா? பின்னால் உருட்டி, திருப்பி, ரிவர்ஸில் ஏற்றினேன். பத்து கஜம் போய் மறுபடி நின்றது. சாலையோரத்தில் யானைச் சாணம், இன்னும் ஆவியோடு. உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன், யானை ஜன்னல் வழியாகத்தான் வரும் என்பதுபோல.

அப்போது பஸ் வந்தது. ஜன்னலில் முனிராஜ்.

“மாமா! கிருஷ்ணகிரி இந்தப் பக்கம். பயந்து ஓசூருக்கே திரும்பிட்டீங்களா?”

கண்டக்டர், “ஏறிக்கிறீங்களாம்மா?” என்றார்.

“அவன் உக்காந்த பஸ்ல நான் ஏறமாட்டேன். நீ ரைட் குடுப்பா!” என்றாள் கமலா.

பஸ் போனதும் பானெட்டைத் திறந்தாள்.

“ஏங்க, இந்தக் கண்ணாடிக் கிண்ணத்துல ஒரே சேறு. எப்பக் கழுவினீங்க?”

“அதைக் கழுவணுமா?”

“ஸ்டவ்வை மட்டும் நான் வாராவாரம் கழுவணும். இது என்ன, ஜமீன்தாரா?”

விஷயம் இதுதான். இந்தக் காரில் தொட்டி பின்னால், தாழ்வாக இருக்கிறது. இன்ஜின் சுழலும்போது பம்புக்குள் ஒரு ரப்பர் துணி மேலும் கீழும் ஆடி, பெட்ரோலை உறிஞ்சி முன்னால் தள்ளும். வழியில் கண்ணாடிக் கிண்ணமும் சல்லடையும் தூசியைப் பிடிக்கும். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறையாவது அவற்றைக் கழற்றிக் கழுவவேண்டும். நான் வாங்கிய நாளாகத் தொட்டதில்லை.

திருகைத் தளர்த்தினோம். சல்லடையில் துரு அப்பிக்கிடந்தது. பெட்ரோலில் அலசி மாட்டினோம். பம்பின் கீழிருந்த குட்டி நெம்புகோலைக் கமலா விரலால் ஆட்ட ஆட்ட, கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியது. ஸ்டார்ட்டரை இரண்டாவது முறை அழுத்தியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டியை நேராகத் திருப்பி மேடேறினோம். இராயக்கோட்டையில் ஓரணா டீக்குக்கூட நிற்கவில்லை.

பதினொன்றேகாலுக்குப் பேரைக் கூப்பிட்டார்கள். முனிராஜ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கவாசல் வழியாக வந்து அவனுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கமலா, பெட்ரோல் நாற்றத்தோடு எழுந்து நின்றாள்.