ஒரு செல்கூட இல்லை

பெங்களூருக்கு வந்த முதல் வாரம், ஆஸ்பத்திரியின் திசு ஆய்வகத்தில் என் மேசையருகே வந்து நின்ற டாக்டர் சுமா, "திண்டி ஆய்த்தா?" என்று கேட்டார். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று அன்பாகத்தான் கேட்டார். தென்காசிக் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. எங்கள் பக்கம் ஒரு ஆளைப் பார்த்து 'தின்னாச்சா' என்றால் சண்டை வரும். ஃபார்மலின் நெடியில், தட்டில் யாருடையதோ குடல் துண்டு கிடக்க, அவரை முறைத்தேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்றும் அவர் கேட்கிறார், நானும் "ஆய்த்து மேடம்" என்கிறேன். வார்த்தைகள் இப்படி மாறி விழுவது எனக்குப் பழகிவிட்டது. போன வருஷம் நான் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் பழகவில்லை. ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல இங்கே பிழைக்க வந்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றுவது என் வேலை. டாக்டர் சுமா அதை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். போன வருஷம் அவரும் ஸ்கேன் டாக்டர் கிரணும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து முடித்த பிறகு, டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சதைக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பதை அது அளக்கும். புற்று அணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் நகராது, அளவு குறைந்துவிடும். அளவு குறைந்த அதே இடத்தில், வெட்டி எடுத்த சதையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

சகாயம் அண்ணாச்சி அப்படித்தான் எனக்கு அறிமுகமானார். இங்கே பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர், ஸ்கூல் வேன் ஓட்டுபவர். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துக் கேட்டபோது, "உசுரு விஷயம், தமிழ்ல சொல்ற ஆள் யாருனா இருந்தா அனுப்புங்க" என்றாராம். என்னை அனுப்பினார்கள். சதையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பது மட்டும்தான் எனக்கு இட்ட வேலை.

"வணக்கம் அண்ணாச்சி" என்றேன்.

"அண்ணாச்சியா? நான் மளிகைக் கடை வெச்சிருக்கலையேப்பா" என்று சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் சிரித்தார். பிறகு அண்ணாச்சியின் முகம் மாறியது. "தம்பி, ரத்தம் நின்னுபோச்சு. நல்லா சாப்புடுறேன். இப்பப் போய் கீழ அடைச்சுத் தெச்சுட்டு வயித்துல பை மாட்டிடுவோம்ன்றாங்க. ஆயுசுக்கும் பை. வேன்ல பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்குமே. ஆபரேஷன் வேணாம், மாசாமாசம் வந்து காட்டிக்கிறேன்னு சொன்னா, அதுவும் ஒரு வழிதான், ஆனா உனக்குச் சரிவராதுன்றாங்க. நீயே சொல்லு. உங்கப்பாவா இருந்தா இன்னா சொல்லுவே?"

அந்த நேரத்தில் எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வந்தார். தென்காசியில் இந்த நோய்க்குத் தனிப் பெயர் கிடையாது; எல்லாம் மூலம்தான். ரத்தம் போவதை வெட்கத்தில் இரண்டு வருஷம் மறைத்து, லேகியம் தின்று, கடைசியில் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெட்டக்கூட ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். அங்கே யாரும் எதையும் அளக்கவில்லை. இங்கே தண்ணீரின் நகர்வையே அளக்கிறார்கள். அந்த மெஷின்மேல் எனக்கு ஒரு பக்தியே இருந்தது. அண்ணாச்சியின் ஸ்கேனில் புண் இருந்த இடத்தில் அளவு குறைந்திருந்தது. டாக்டர்கள் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவுசெய்யவில்லை. கேமரா விட்டுப் பார்த்ததிலும் புண் முழுசாக ஆறியிருக்கவில்லை. அப்படியும் அவர்கள் புற்று 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். நான்தான் சொன்னேன்: "இருக்கு அண்ணாச்சி. மெஷின்ல தெளிவாத் தெரியுது. எடுத்துருங்க."

அவர் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். ஆபரேஷனுக்கும் ஆராய்ச்சிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து சதை எங்கள் மேசைக்கு வந்தது. ஸ்கேன் படத்தின் வாகுக்கே அளந்து வெட்டிக் கொடுத்தார் டாக்டர் சுமா. மெழுகில் பதித்துச் சீவினேன். அவர் பார்த்தார். "இன்னொந்து சல கொய்யி" என்றார். இன்னொரு தடவை, இன்னும் ஆழமாகச் சீவச் சொல்கிறார். சீவினேன். மறுநாளும் சீவச் சொன்னார். புண் இருந்த இடத்தில் ஒரு துளி விடாமல் மெழுகில் பதித்தாயிற்று. மூன்றாம் நாள் அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து, கைதட்டாத குறையாகச் சொன்னார்: "ஏனூ இல்லா! ஒந்து செல்லூ இல்லா!"

ஒரு செல்கூட இல்லை. மருந்திலேயே எல்லாம் செத்துப்போயிருந்தது. அவருக்கு அது நல்ல செய்தி. இதைவிட நல்ல ரிசல்ட் கிடையாது, இனி நோய் திரும்புகிற வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றார். "சரியாப் பாருங்க மேடம்" என்றேன், தமிழில். ஒரு மனிதருக்குள் புற்று இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டாக்டர் கிரண் வந்து படத்தையும் சில்லையும் மாறிமாறிப் பார்த்தார். இறுகிய தழும்பு, கொஞ்சம் அழற்சி. அங்கேயும் தண்ணீர் நகராதாம். "தண்ணி நகரலைன்னுதான் மெஷின் சொல்லிச்சு" என்றார் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து. "கேன்சர்னு நினைச்சது நாமதான்."

சர்ஜன் வார்டில் கன்னடத்தில் செய்தியைச் சொன்னபோது சகாயம் அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு அழுதாராம். மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார். உட்கார முடியவில்லை.

"ஒண்ணுமே இல்லன்னா எதுக்குப்பா எடுத்தாங்க?"

சர்ஜன் அதற்கு விளக்கம் சொல்லியிருப்பார். அவர் கேட்டது என்னிடம். "அன்னைக்கு யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. டாக்டருங்க இருக்கலாம்னுதான் சொன்னாங்க. இருக்குன்னு சொன்னது நான். எனக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டேன்."

ஸ்டெல்லா அக்கா எழுந்தார். "நம்ம பாஷைல சொன்னியேன்னுதானேடா நம்புனோம்" என்றார். அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வார்டைவிட்டு வெளியே வந்தேன். அந்த வாரம் அம்மா போன் செய்து, அத்தானுக்கு ரத்தம் போகிறது, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். முன்பானால் பட்டென்று சொல்லியிருப்பேன். "நாளைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. அவரு சொல்லட்டும்" என்றேன். ஆறு வருஷம் ஆஸ்பத்திரியிலே இருந்து இதுகூடத் தெரியலையா என்றாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, அல்சூர் ஏரிப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஸ்கூல் வேன் ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் சகாயம் அண்ணாச்சி. அடியில் நடுவில் ஓட்டை வைத்த மெத்தை. தொளதொளவென்று சட்டை. "ஏறு" என்றார். பிள்ளைகளின் குட்டி சீட்டில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தேன். கன்னடமும் ஆங்கிலமும் தமிழுமாகச் சத்தம். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. "அக்கா நல்லாருக்காங்களா?" என்று கேட்டேன். "உன் பேரெடுத்தா எழுந்து போயிடுவா" என்றார், கண்ணாடியில் என்னைப் பார்க்காமல்.

ஒரு வீட்டு வாசலில் வேன் நின்றது. பிள்ளையை இறக்கிக்கொள்ள வந்த கன்னடக்கார அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, இது யார் என்று கேட்டார். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"நம்ம ஊரவரு" என்றார், கன்னடத்தில்.

அவர் தென்காசியைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் அல்சூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. எந்த ஊரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வேன் கிளம்பியது. என் ஸ்டாப் தாண்டிப்போயிற்று, இறங்கச் சொல்லத் தோன்றாமல் அந்தக் குட்டி சீட்டிலேயே இருந்தேன்.