பெடியன் வீட்டுக்கு வருவானா?

அளவெட்டியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்ததுதான் தொடக்கம். "வாசிக்கவும் கூடாதாம், ரீவி பாக்கவும் கூடாதாம். எனக்கு விசர் பிடிக்கப்போகுது. ஏதாவது கதை சொல்லி அனுப்படி" என்று போனில் அழுதாள். நான் காலையில் மருந்துக்கடையில் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, போனை அரிசி வாளியின் மேல் வைத்துக் கதை சொல்லிப் பதிந்து அனுப்பினேன்.

அவள் அதைத் தன் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். மூன்று மாதத்தில் எனக்குத் தெரியாத நூற்றுக்கணக்கானோர் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிட்டார்கள். புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவர்கள் கேட்டார்கள். கனடாவில் சமைத்துக்கொண்டே கேட்டார்கள். அக்காவுக்குக் காதல் வேண்டும். தோட்டக்காரருக்குப் பேய் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டும் தம்பிக்குப் பொலிசும் துப்பறிதலும் இல்லாவிட்டால் கதையே இல்லை. எல்லாவற்றையும் போட்டு ஒரு கதை தொடங்கினேன். காதலியைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் போன பெடியன் ஒருவன் திரும்பி வரவில்லை. வழியில் பாழடைந்த வீடு. அங்கே ஆரோ நடமாடும் சத்தம். அவனைத் தேடி ஒரு பொலிஸ்காரர்.

கடைசிப் பாகத்தைப் புதன்கிழமையே பதிவு செய்துவிட்டேன். பாழ்வீட்டுக் கிணற்றில் அவனுடைய உடல் கிடக்கும். சொல்லி முடித்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. சனிக்கிழமை அனுப்புவதாக இருந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் தம்பியின் ஓட்டோ எங்கள் வீட்டுப் படலை வாசலில் நின்றது. குருநகரிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். கழுத்தில் செபமாலை. ஓட்டோத் தம்பி யாழ்ப்பாணம் ஓடும்போது தன் வண்டியில் கதையைப் போட்டுவிடுவானாம். இந்த அம்மா அதில் போகும்போது கேட்கத் தொடங்கி, பிறகு ஒரு பாகமும் விடாமல் கேட்டிருக்கிறார்.

"நீங்கள்தானே கதை சொல்லுற பிள்ளை?"

"ஓம் அம்மா. வாங்கோ, இருங்கோ."

இருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பெடியன் உயிரோடை இருக்கிறான்தானே? எனக்கு மட்டும் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவரே தொடர்ந்தார். "என்ரை மூத்தவன் சண்டைக் காலத்திலை, சந்திக்குப் போட்டு வாறன் எண்டு சைக்கிளிலை போனவன். இன்னும் வரேல்லை, பிள்ளை."

"சனிக்கிழமை கேளுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னேன். தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

மறுநாள் முழுக்க எனக்கு அதே யோசனை. மருந்துக்கடையில் ஒருவருக்குக் காய்ச்சல் குளிசைக்குப் பதிலாக வேறொன்றை எடுத்து நீட்டி, நல்லகாலம், முதலாளி பார்த்துத் தடுத்தார். இவர், என் மனுசன், "உது கதைதானே. நீ ஏன் இப்பிடிப் பதகளிக்கிறாய்?" என்றார். கதைதான். ஆனால் கிணற்றிலிருந்து உடலைத் தூக்குகிற இடத்தை அந்த அம்மா கேட்பதை நினைக்க முடியவில்லை. பெடியனைத் திருப்பிக் கொண்டுவந்தாலோ, அது அவருக்கு நான் சொல்லும் பொய்யாகிவிடுமே என்று வேறு பயம்.

சனிக்கிழமை காலை பழைய பதிவை அழித்தேன். புதிதாகச் சொன்னேன். பெடியன் தலையில் அடிபட்டு, ஆரென்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து, நினைவு திரும்பி, பஸ்சில் வந்து இறங்கி, படலையைத் திறக்கிறான். தாய் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். முடிந்தது.

ஓட்டோத் தம்பி அன்றே எழுதினான்: "அக்கா, சப்பெண்டு முடிச்சிட்டியள்." தோட்டக்காரருக்குப் பேய் வராதது ஏமாற்றம். அக்கா மட்டும் அழுதாளாம், சந்தோசத்தில். குருநகர் அம்மாவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய். அவருடைய இலக்கத்தைத் தம்பியிடம் வாங்கி வைத்திருந்தும் போன் எடுத்துக் கேட்கத் துணியவில்லை. கேட்டுவிட்டு என்ன ஆனாரோ, ஆறியிருந்த புண்ணைக் கிளறிவிட்டேனோ என்று ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் இலக்கத்தைப் பார்த்தேன்.

புதன்கிழமை அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"கேட்டனான் பிள்ளை. நாலு தரம் கேட்டனான். ஆனால் ஒண்டு பிழை விட்டிட்டியள்."

"என்னம்மா?"

"வந்த பிள்ளைக்குச் சோறு குடுக்கேல்லை."

அவரே சொல்லிக்கொண்டு போனார்.

"முதலிலை தண்ணி குடுக்கவேணும். பிறகு சோறு. விளைமீன் குழம்பு, கொஞ்சம் உறைப்பாய். அவன் சாப்பிட்டு முடியுமட்டும் எங்கை இருந்தனி எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது. கேட்டால் சாப்பாட்டிலையிருந்து கையை எடுத்துப்போடுவான்."

அன்று மத்தியானமே யன்னலைச் சாத்தி, அந்தத் தாய் சோறு போடுவதைச் சொல்லி அனுப்பினேன். நாலு நிமிசம்தான். குழம்பு ஊற்றுகிற இடத்தில் குரல் உடைந்தது. அதை மாற்றிப் பதியவில்லை.