கொலோடைப்புக்குத் தமிழ்ப் பெயர்

பினாங்கு சூலியா ஸ்ட்ரீட்டில் ஜபருல்லா நானாவின் அச்சகத்தில் வேலை பார்த்த தங்கராஜுவைப் பெரிய கலைஞர் என்று சொல்ல முடியாது. கவனமான ஆள், அவ்வளவுதான். எந்தப் பொருளையும் அதன் சரியான பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. இது நல்ல குணமா, வெறும் பிடிவாதமா என்று அவர் மனைவியாலேயே முடிவு செய்ய முடியவில்லை.

1911இல், சீமைக்குத் திரும்பக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரப் போட்டோக்காரரிடமிருந்து நானா ஓர் இயந்திரத்தை வாங்கினார். கூடவே தடித்த கண்ணாடிப் பலகைகளும் ஆங்கிலக் கையேடு ஒன்றும் வந்தன. கையேட்டை வாசிக்கத் தெரிந்தவர் தங்கராஜு ஒருவர்தான் என்பதால் இயந்திரமும் அவர் தலையில் விழுந்தது. கண்ணாடியின்மேல் மருந்து கலந்த ஜெலட்டினை ஊற்றிக் காயவைத்து, போட்டோவின் நெகட்டிவை அதன்மேல் வைத்து வெயில் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகி மையைப் பிடிக்கும். படாத இடம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மையைத் தள்ளிவிடும். பத்திரிகைப் படம் மாதிரிப் புள்ளி புள்ளியாகத் தெரியாமல், போட்டோ போலவே படம் தாளில் விழும். இதற்குப் பெயர் கொலோடைப்.

கையேட்டில் அப்படித்தான் இருந்தது. பினாங்கின் ஈரக்காற்றில் ஜெலட்டின் எல்லா இடத்திலும் தண்ணீரைக் குடித்தது. மணிக்கூண்டை அச்சடித்தால், மேகம் மூடிய பினாங்கு மலை வந்தது.

நானா ஆறு வாரம் பொறுத்தார். "இந்த மாசத்துக்குள்ள ஒரு ஆர்டராச்சும் வரணும்லா தம்பி. இல்லேன்னா இதை ஜெலுத்தோங் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துடுவேன். நீ பழையபடி ரசீதுப் புத்தகம் தைக்க வேண்டியதுதான்."

ஒன்பது வருஷம் ரசீதுப் புத்தகம் தைத்தவர் தங்கராஜு. அந்த ஊசியை நினைத்தாலே அவருக்கு விரல் நுனி வலித்தது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் முத்துவீரப்பன் செட்டியார் வந்தார். அவருக்கு அறுபது நிறைகிறது. ஊரில் சாந்திக் கல்யாணம். மனைவி ஆச்சியும் அவரும் உட்கார்ந்திருக்கும் போட்டோவை முந்நூறு பிரதி அடித்து ரங்கூன், சைகோன் என்று எல்லா இடத்துக்கும் அனுப்ப வேண்டும். நெகட்டிவை மேசைமேல் வைத்தார்.

"இது என்ன மாதிரி அச்சு?"

"கொலோடைப்புங்க," என்றார் தங்கராஜு, பெருமையோடு.

"என்ன டைப்பு?"

"கொலோ. கொலோடைப்பு."

செட்டியார் எழுந்துவிட்டார். "சாந்திக் கல்யாணப் படத்துக்குக் கொலையா? ஆச்சி காதுல விழுந்தா என்னைய என்ன செய்வாக தெரியுமா?" குடையை எடுத்தவர் நெகட்டிவை எடுக்க மறந்து தெருவில் இறங்கிவிட்டார்.

"கண்ணாடி அச்சுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் நானா.

"அது பேரு அதில்ல நானா."

"உன் வாய்க்குத்தான் அந்தப் பேரு சரி. கொலைகார வாயி."

தங்கராஜு கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அந்தச் சொல்லின் பிறப்பு இருந்தது. கிரேக்க மொழியில் கொலோ என்ற பகுதிக்குப் பசை என்று பொருளாம். ஜெலட்டினும் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசைதானே. தச்சர்கள் மரத்தை ஒட்ட வைத்திருக்கும் அதே சரக்கு. அதற்குத் தமிழில் வச்சிரம் என்று பெயர் உண்டு. ஆக, வச்சிர அச்சு. ஒரு சொல்லும் பொய்யில்லை.

மறுநாள் காலை அறையின் நாலு மூலையிலும் கரியடுப்பு மூட்டி, வியர்வையில் தானே நனைந்து, ஜெலட்டினை உலர வைத்தார். ஒன்பதாவது தாளில் செட்டியாரின் முகம் விழுந்தது. ஆச்சியின் புடவைக் கரைகூடத் தெளிவாக இருந்தது. நானாவும் அவருமாகப் பினாங்கு ஸ்ட்ரீட்டில் வட்டிக்கடை நடக்கும் கிட்டங்கிக்குப் போய்ப் படத்தைச் செட்டியார் முன்னால் வைத்தார்கள்.

செட்டியார் நெடுநேரம் பார்த்தார். "இதுக்கு என்ன பேரு?" குரலில் சந்தேகம் இருந்தது.

"வச்சிர அச்சுங்க."

செட்டியாரின் கை தானாகக் காதுக் கடுக்கனுக்குப் போயிற்று. "வச்சிரமா? வைரத்தைப் பொடிச்சா போடுறீக?"

நானா மேசைக்கடியில் தங்கராஜுவின் காலை மிதித்தார். தங்கராஜுவுக்கு இரும்புக்காரனின் வண்டி கண்ணில் தெரிந்தது. ரசீதுப் புத்தகங்களும் தெரிந்தன. ஆனாலும் வாய் கேட்கவில்லை.

"அந்த வச்சிரம் இல்லைங்க. தச்சரு ஒட்டுற வச்சிரம். தோலைக் காய்ச்சினது."

செட்டியார் படத்தைப் பார்த்தார். தங்கராஜுவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"முந்நூறு அடிச்சிருங்க. கீழ சின்னதா வச்சிர அச்சுன்னு போட்ருங்க. இந்தத் தச்சரு கதைய மட்டும் வேற ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீக."

இயந்திரம் தப்பியது. நானா அந்த வாரமே வாசலில் பலகை மாட்டினார்: 'இங்கே வச்சிர வேலை செய்யப்படும்.' அச்சு என்ற சொல்லுக்குப் பலகையில் இடம் போதவில்லை.

முதலில் வந்தவர் பழனியப்பன் என்ற கணக்குப்பிள்ளை. தோளில் ஒரு நாற்காலி. கையில் அதன் கழன்ற கால். தங்கராஜு அவரை உட்கார வைத்து, கிரேக்கச் சொல்லில் தொடங்கி ஜெலட்டின் வரைக்கும் அரைமணி நேரம் விளக்கினார். வந்தவர் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப வச்சிரம் இருக்குல்லண்ணே?"

"இருக்கு."

"அதான் கேட்டேன்."

பொய் சொல்லத் தெரியாத தங்கராஜு பெருமூச்சு விட்டு நாற்காலிக் காலை வாங்கிக்கொண்டார்.