ஓர் ஊசிக்கு ஒரு வேன் சொந்தம்

வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சொந்தக்காரர்கள் இறங்கினார்கள்... இறங்கினார்கள்... இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொரோனா காலம். குற்றாலத்தில் அருவிக்கே தடை போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு வேன் நிறைய ஆளா?

காரணம் — ஓர் ஊசி.

என் மனைவி வடிவுக்கு வீசிங் உண்டு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், மூச்சுக்குத் திண்டாடுவாள். போன வருஷம் சாதாரண ஃப்ளூவுக்கே ஆக்சிஜன் வைத்தார்கள். அதனால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "கொரோனாவுக்கு இன்னும் ஊசி வரலை. ஃப்ளூவுக்கு இருக்கு, அதையாவது போட்டுக்கோங்க. ரெண்டும் சேந்து வந்தா இவங்களால தாங்க முடியாது. வெளியாட்களைக் கிட்ட விடாதீங்க."

எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து தென்காசிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். அன்றைக்கு வடிவுக்குக் கொஞ்சம் காய்ச்சல், கைவலி. இது சகஜம் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். மறுநாள் சரியாகியும்விட்டது. ஆனால் வடிவு அதற்குள் வீரகேரளம்புதூரில் இருக்கும் அவள் சித்திக்குப் போன் போட்டு, "ஊசி போட்டேன், காய்ச்சலடிக்கு" என்று சொல்லிவிட்டாள்.

போதாதா? எங்கள் பக்கம் ஒருவர் படுத்துவிட்டால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள். நலம் விசாரிக்க வராதவனை மன்னிக்கவே மாட்டார்கள்.

முதலில் இறங்கியவர் வடிவின் சித்தப்பா. போலீஸ் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மாஸ்க் தாடையில் தொங்கியது. கையில் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும்.

"என்ன மாப்ளே, பிள்ள ஊசி போட்டுப் படுத்துக் கெடக்கா, ஒரு வார்த்த சொல்லாண்டாமா?"

"நல்லா இருக்கா மாமா. வெளியாளு யாரையும் பாக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"நாங்க வெளியாளா?"

வாசலை மறித்து நின்ற நான் ஒதுங்கி வழி விட்டேன்.

சித்தி நேரே படுக்கையறைக்குள் போய்விட்டார். "ஏட்டி, எப்படி எளைச்சுப் போயிட்டே!" என்று வடிவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். நான் ஓடி ஓடி ஜன்னல்களைத் திறந்தேன். சானிடைசரை நீட்டினேன். கல்யாண வீட்டுச் சந்தனம்போல ஒற்றை விரலால் தொட்டுக்கொண்டார்கள்!

சித்தப்பா கட்டிலோரம் உட்கார்ந்து இருமினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஒண்ணுமில்ல மாப்ளே, மழைல நனைஞ்சது."

கிளம்பும்போது அவருக்கு ஒரே ஒரு வருத்தம்தான். "வந்ததுதான் வந்தோம், குத்தாலத்துல ஒரு குளி போடலாம்னு பாத்தா உட மாட்டேங்கானுவ..." வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். துண்டும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் தயாராக இருந்தன.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. சித்தப்பாவுக்குக் கொரோனா. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

உடனே வடிவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். இருவரும் டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்து ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். விசில் வருகிறதா... வரவில்லை... இப்போது வருகிறதோ? அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை. கோபமும்தான். யார் மேல் கோபப்படுவது? பாசத்தோடு பழம் வாங்கி வந்தவர் மேலா?

நோய்க்குக் கதவைச் சாத்தலாம். பாசத்துக்கு எப்படிச் சாத்துவது? போனில் விசாரித்தால் அன்பு குறைந்துபோய்விடுமா என்ன?

ரிசல்ட் வந்தது. இருவருக்கும் நெகட்டிவ். சித்தப்பாவும் தேறி வீடு திரும்பிவிட்டார். அப்பாடா என்று இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

வடிவு வந்து நின்றாள். நல்ல சேலை. கையில் ஒரு பை. பைக்குள் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும்.

"இங்கேருங்க... சித்தப்பா வீட்டுக்கு வந்துட்டாவளாம். ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்திருவோமா? பாக்காட்டா என்ன நெனைப்பாவ?"

பைக் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது; அது அவள் கைக்குப் போனால் கிளம்பியே ஆக வேண்டும். இன்றைக்குச் சட்டையோடுதான் குளிக்கப்போகிறேன்.