சுற்றிப்போய்க் கொடுத்த ஃபைல்

முப்பது வருடம் மற்றவர்களின் மேல்முறையீட்டு மனுக்களை நிராகரித்தே சம்பளம் வாங்கியவள் நான். திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொன்னால் மனுக் கொடுத்தவர்கள் யாராவது வீடு தேடி வந்துவிடுவார்கள். 'மனுதாரர் கூறும் காரணம் ஏற்புடையதாக இல்லாததால் மனு நிராகரிக்கப்படுகிறது.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரியை ஒப்பிப்பேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து அதே வரி என் பெயருக்கே வந்தபோது, எழுதியவனின் நடை எவ்வளவு மட்டம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அது என் நடை என்று உறைத்தது.

நடந்தது இதுதான். நர்ஸ் வேலைக்கு மஸ்கட் கிளம்பிய என் மகளை விமான நிலையத்தில் விடுவதற்கு வாடகைக் கார் பிடித்திருந்தோம். நான், அவள், என் தங்கை, மூன்று பேர்தான். டிரைவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், நெய்க்காரப்பட்டிக்காரர். சொந்தக் கார், தவணை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிராவல்ஸ்காரர் வழியாக விமான நிலையச் சவாரிகளை மட்டும் நம்பி ஓட்டிக்கொண்டிருந்தார். ராகு காலத்துக்கு முன்னால் வாசலைத் தாண்டவேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு முகம் சுளிக்காமல், சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்து நின்றவர். பிள்ளையார் கோவில் முன்னால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்ததும் அவரேதான்.

விமான நிலையத்தில் ஆட்களை இறக்கிவிட ஒரு பாதை இருக்கிறது. அதைத் தனியாருக்குக் குத்தகை விட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்த நொடியிலிருந்து கேமரா நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடம் இலவசம், தாண்டினால் அபராதம். பெட்டிகளை இறக்கினோம். மகள் என் காலைத் தொட்டாள். நான் திருநீறு பூசிவிட்டேன். "போயிட்டு வாரேம்மா" என்றாள். 'போறேன்' என்று சொல்லாமல் 'வாரேன்' என்று சொல்லும்படி சின்ன வயதிலேயே பழக்கியிருந்தேன். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைவு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பின் கதவைச் சாத்தப்போன டிரைவர், பின்சீட்டில் கிடந்த நீல நிற ஃபைலைப் பார்த்தார். அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள், வேலை அனுபவச் சான்று, எல்லாம் ஒரிஜினல். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் மட்டும் கைப்பையில் இருந்ததால் அவளுக்கு நினைவு வரவில்லை. இருபதடி தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். டிரைவர் "பாப்..." என்று வாயைத் திறந்தார்.

"கூப்பிடாத! பின்னால கூப்பிடாத தம்பி!" என்று நான் அலறினேன்.

வெளியூர் கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பலரும் பார்க்கிற சாங்கியம்தான். ஆனால் நான் அலறிய அலறலில் பக்கத்துக் காரிலிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செல்போனில் கூப்பிடலாமே என்றாள் தங்கை. அதுவும் கூப்பிடுவதுதான் என்றேன். என் முழங்காலுக்கு ஓட்டமெல்லாம் தாங்காது. டிரைவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடினார். நேராக அவள் முதுகுப் பக்கம் ஓடவில்லை. தூண்களுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி, கூட்டத்துக்குள் நுழைந்து, வாசல் வரிசைக்குப் போய், அவளுக்கு எதிரே வந்து நின்றார். ஃபைலைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவரை அங்கே நின்ற காவலர் பிடித்து நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தார்.

இங்கே கார் கதவு திறந்தபடி, என்ஜின் ஓடியபடி நின்றது. எங்கள் இருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. பாதைக் காவலாளி விசில் ஊதிக்கொண்டே இருந்தான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அந்தக் களேபரத்திலும் என் கண் மகள்மேல்தான் இருந்தது. ஃபைலை வாங்கினாள், உள்ளே போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கல்நெஞ்சுக்காரி" என்றேன் தங்கையிடம். நான்தான் கூப்பிடக் கூடாது, அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது? அந்த வருத்தம் ஒரு மாதம் எனக்குள் கிடந்தது. வீடியோ காலில் அவள் சிரிக்கும்போதெல்லாம் மேலே வரும், உள்ளே தள்ளிவிடுவேன்.

வெளியே வரும் தடுப்புக் கம்பத்தில் ஒரு சீட்டை நீட்டினார்கள். நான் கைப்பையைத் திறந்தேன். டிரைவர் தடுத்துவிட்டார்.

"காசு இல்லீங்கம்மா விசயம். கட்டுனா தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிருமுங்க. என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுப் பாருங்க."

படித்தேன். 'ஓட்டுநர் வாகனத்தைக் கைவிட்டு, பயணிகளிடையே சவாரி பிடிக்கச் சென்றார்' என்று இருந்தது. கூட்டத்துக்குள் ஓடி ஒரு பெண்ணுக்கு எதிரே போய் நின்றதை அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சவாரி பிடிக்கிற வண்டியை ஆறு மாதம் அந்தப் பாதையில் விடமாட்டார்களாம். மேல்முறையீடு முடியும்வரையும் விடமாட்டார்களாம். விமான நிலையத்துக்குள் போகமுடியாத வண்டிக்கு டிராவல்ஸ்காரர் எதற்குச் சவாரி கொடுக்கப்போகிறார்?

"கவலைப்படாத தம்பி, நான் எழுதுறேன் பாரு. மனுன்னா எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன்.

எழுதினேன். இருவர் பெயரிலும் ஒரு முழுப் பக்கம், எண் போட்ட பத்திகள். ஆனால் சாங்கியம் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தது. படித்தவள், அதிகாரியாக இருந்தவள், மகளைப் பின்னாலிருந்து கூப்பிடப் பயந்தேன் என்று முன்பின் தெரியாத ஒருவனுக்கு எப்படி எழுதுவது? எத்தனை பேர் இப்படிப்பட்ட காரணங்களை எழுதி நானே உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன்! அதனால், 'பயணிக்குத் திடீரென மயக்கம் ஏற்பட்டதால் ஓட்டுநர் உதவச் சென்றார்' என்று எழுதிவிட்டேன். மருத்துவக் காரணத்தை அலுவலகத்தில் யாரும் லேசில் தள்ளமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

பத்து நாளில் பதில் வந்தது. கேமரா படம் இணைத்திருந்தார்கள். அதில் டிரைவர் தூண்களுக்கு நடுவே ஓடுகிறார். மூலையில் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டு நிற்கிறேன். 'படத்தில் எவரும் மயக்கமுற்றதாகத் தெரியவில்லை' என்று எழுதி, அதன் கீழே என்னுடைய அந்த வரியைப் போட்டிருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் இருவரும் ஒரு முறை நேரில் வரலாம் என்று கடைசியில் ஒரு குறிப்பு.

டிரைவர் வீட்டுக்கு வந்தார். ஒரு பை ஆயக்குடிக் கொய்யாவை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே கடிதத்தைப் படித்தார்.

"ஏனுங்கம்மா, உள்ளதச் சொல்லியிருந்தா நம்பாமப் போயிருப்பாங்க, அவ்வளவுதானுங்க. இப்ப நான் பொய்யும் சொன்னவனாயிட்டனுங்களே."

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். கார் இரண்டு வாரமாகப் புளியமரத்தடியில் நிற்கிறது, இந்த மாதத் தவணைக்கு மனைவியின் தோடு போய்விட்டது என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொய்யாவைத் தொடவே மனம் வரவில்லை.

அன்று மாலை மறுபடி எழுத உட்கார்ந்தேன். இந்த முறை எண் போடவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதினேன். என் மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு காலையில் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினார். தெருமுனைக்குப் போனவரை, "ஏங்க, கண்ணாடிய விட்டுட்டுப் போறீங்க" என்று கூப்பிட்டேன். திரும்பி வந்தார். மகள்தான் ஓடிப்போய்க் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். வத்தலகுண்டு சாலையில் லாரி மோதி, அன்று மத்தியானம் அவரைப் போர்த்திக் கொண்டுவந்தார்கள். 'நான் கூப்பிட்டதற்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னால் மகளைக் கூப்பிட முடியவில்லை. ஓட்டுநர் சுற்றி ஓடியது என்னால். முதல் கடிதத்தில் பொய் எழுதியதும் நானே, அவர் அல்ல' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

காரை அங்கே விடமாட்டார்கள் என்பதால் பஸ்ஸில்தான் போனோம். டிரைவருக்குப் பஸ்ஸில் உட்காரவே வரவில்லை. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

குத்தகைக்காரரின் அலுவலகம் என்பது வண்டி நிறுத்துமிடத்து மூலையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இருந்த மேலாளர் சலித்துப்போன முகத்துக்காரர். கடிதத்தை ஒரு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"மேடம், இந்தக் காரணத்துக்கு எங்க ஃபாரத்துல இடமே இல்லை. டயர் பஞ்சர், போலீஸ், ஆஸ்பத்திரி, இம்புட்டுத்தான்."

"'இதர'ன்னு ஒரு கட்டம் இருக்குமே. எல்லா ஃபாரத்துலயும் இருக்கும்" என்றேன். அந்தக் கட்டத்தில் எழுதியதை நான் ஒரு நாளும் மதித்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் கணினியைத் திருப்பி அன்றைய பதிவை ஓடவிட்டார். "நேராப் போனா இருபது அடி, வழியும் காலியா இருக்கு. இவரு தூணைச் சுத்தி ஓடுறாரு. சவாரி பிடிக்கிறவன்தான் இப்படி முன்னால போய் மறிப்பான். அதுலதான் எங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு" என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். "கூப்பிடாம முன்னால போறதுன்னா இப்படித்தான் போகணும், சரிதான்." பிறகு இன்னொரு கேமராவின் பதிவைப் போட்டார். அது நுழைவு வாசலுக்கு மேலே இருப்பது.

அந்தக் கேமரா என் மகளின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது.

நான் முதுகை மட்டும் பார்த்த அந்த இருபதடியையும் அவள் அழுதுகொண்டே நடந்திருக்கிறாள். துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று கையைத் தள்ளுவண்டியிலேயே வைத்திருந்தாள். டிரைவர் எதிரே வந்து ஃபைலை நீட்டுகிறார். அவள் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவரிடம் ஏதோ கேட்கிறாள். தலை லேசாகப் பின்பக்கம் திரும்பப் பார்க்கிறது. அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்பதுபோல் ஆட்டி என்னவோ சொல்கிறார். அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன். போட்டார். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை, அவரே போட்டார். பிறகு ஃபாரத்தை எடுத்து 'இதர' கட்டத்தில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி, டிரைவர் கையில் கொடுத்தார். "நாளையிலிருந்து வண்டி வரலாம்" என்றார். டிரைவர் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டார். கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. கொடைரோடு தாண்டியபிறகுதான் கேட்டேன்.

"தம்பி, பாப்பா உங்கிட்ட என்ன கேட்டுச்சு?"

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'அம்மா அழுகுறாங்களா'ன்னு கேட்டுச்சுங்க."

"நீ என்ன சொன்ன?"

"'இல்லீங்க பாப்பா, சிரிச்சுட்டுத்தான் நிக்கறாங்க, நீங்க திரும்பாமப் போங்க'ன்னு சொன்னனுங்க." என் பக்கம் திரும்பினார். "இந்த விசயத்துல நான் சொன்ன பொய் அது ஒண்ணுதானுங்கம்மா."